ஆட்டோ கார் டிராக் பந்தயத்தில் பின்தங்குவது ஏன்? டார்க் கன்வெர்ட்டரை மாற்றும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

மாசாய் – மேனுவல் கியர் கார் பச்சை விளக்கு எரிந்தவுடன் பாய்ந்துவிடுகிறது. பக்கத்தில் நிற்கும் ஆட்டோ கியர் கார் ஒரு கணம் யோசித்துவிட்டுத்தான் நகர்கிறது. நேர்ப்பாதையில் ஓடும் டிராக் பந்தயத்தில் ஆர்வமுள்ள நம் இளைஞர்கள் பலருக்கும் உள்ள மனக்குறை இது. அந்தத் தயக்கத்துக்குக் காரணம் என்ன என்று பட்டறையில் கேட்டால், பெரும்பாலும் கிடைக்கும் பதில் 'டார்க் கன்வெர்ட்டர்'.

மாசாய்வாசிகளுக்கு மோட்டார் பந்தயம் தூரத்துச் செய்தி அல்ல. 1986இல் திறக்கப்பட்ட ஜொகூர் பந்தயத் தடம் பக்கத்து ஊரான பாசிர் கூடாங்கில் அமைந்தது. 1998இல் உலக மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீயின் மலேசியச் சுற்று அங்குதான் நடந்தது. அடுத்த ஆண்டு சிப்பாங் தடம் திறக்கப்பட்டதும் பெரிய பந்தயங்கள் அங்கே போய்விட்டன. ஆனால், என்ஜின் சத்தம் கேட்டு வளர்ந்த தலைமுறையின் ஆர்வம் ஊரைவிட்டுப் போகவில்லை.

மாறியிருப்பது கார்கள்தான். அப்பா காலத்து சாகாவில் கிளட்ச் மிதித்துக் கியர் போட்டார்கள். இன்று வீட்டு வாசலில் நிற்பது பெரும்பாலும் ஆட்டோ கியர். அதை வைத்தே 402 மீட்டர் ஓடிப் பார்க்க நினைப்பவர்கள், கன்வெர்ட்டரை மாற்றினால் போதும் என்று கேள்விப்பட்டுப் பல மாத ஓவர்டைம் பணத்தை எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போகிறார்கள். அந்தப் பணம் காரை வேகமாக்கவும் செய்யலாம், கியர் பாக்ஸையே காலி செய்யவும் செய்யலாம். எது நடக்கும் என்பது, அந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது என்பதைப் புரிந்து வாங்குகிறோமா என்பதைப் பொறுத்தது.

இரண்டு காற்றாடிகள்

டார்க் என்றால் முறுக்குவிசை. என்ஜின் தரும் முறுக்குவிசையை வாங்கி, பெருக்கி, கியர் பாக்ஸிடம் கொடுப்பதால் இதற்கு டார்க் கன்வெர்ட்டர் என்று பெயர். உளுந்து வடையைப் பெரிதாக்கி இரும்பில் செய்தது போன்ற வடிவம். என்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் நடுவில் இருக்கும். உள்ளே கியர் எண்ணெய் நிரம்பியிருக்கும்.

இரண்டு மேசைக் காற்றாடிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மட்டும் சுவிட்சு போட்டால், அதன் காற்றில் மற்றதும் சுற்றத் தொடங்கும். கன்வெர்ட்டருக்குள் நடப்பதும் இதுதான்; காற்றுக்குப் பதில் எண்ணெய். என்ஜினோடு சேர்ந்து சுற்றும் சிறகுச் சக்கரத்துக்கு இம்பெல்லர் என்று பெயர். அது வீசும் எண்ணெயில் சுற்றும் இரண்டாவது சக்கரம் டர்பைன். டர்பைனில் இருந்துதான் கியர் பாக்ஸுக்கு விசை போகிறது.

இவற்றுக்கு நடுவில் ஸ்டேட்டர் என்ற மூன்றாவது சிறகு வட்டம் உண்டு. டர்பைனில் மோதித் திரும்பும் எண்ணெயைத் திசை திருப்பி, இம்பெல்லரின் சுழற்சிக்கே உதவும்படி அனுப்புவது இதன் வேலை. இதனால் கார் நகரத் தொடங்கும் நேரத்தில் முறுக்குவிசை ஏறக்குறைய 2 மடங்காகப் பெருகுகிறது. வேகம் கூடி இரண்டு சக்கரங்களும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் சுற்றும்போது இந்தப் பெருக்கம் நின்றுவிடும்.

ஜெர்மன் பொறியியலாளர் ஹெர்மன் ஃபாட்டிங்கர் 1905இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். அவர் இதைக் கப்பல்களுக்காகத்தான் உருவாக்கினார். 1948இல் அமெரிக்காவின் பியூக் நிறுவனம் 'டைனாஃப்ளோ' என்ற ஆட்டோ கியரில் இதைக் கார்களுக்குக் கொண்டுவந்தது. வடிவம் மெருகேறியிருக்கிறது, அடிப்படை இன்றும் அதேதான்.

'ஸ்டால்' எண் எதைக் குறிக்கிறது?

கன்வெர்ட்டர் வாங்கப் போனால் முதலில் காதில் விழும் சொல் 'ஸ்டால்'. கார் நகராமல் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு, டி கியரில் எண்ணெய் மிதியை முழுதாக மிதித்தால், என்ஜின் ஓரளவுக்கு மேல் சுற்ற முடியாமல் நிற்கும். அந்தச் சுற்று எண்தான் ஸ்டால். சாதாரணக் கார்களில் இது நிமிடத்துக்கு 2,000 சுற்றுகளை ஒட்டி இருக்கும். நெரிசலில் சீராக நகரவும் பெட்ரோலை மிச்சப்படுத்தவும் அந்த அளவே பொருத்தமானது.

டிராக் பந்தயத்தில் இதுவே தடையாகிறது. பெரோடுவா மைவி 1.3 காரை எடுத்துக்கொள்வோம். 2017இல் வந்த மாடலின் என்ஜின் அதிகபட்சம் 121 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தருகிறது. அதுவும் 4,000 சுற்றில்தான். 2,000 சுற்றில் கிளம்பினால் என்ஜின் முழு பலத்துக்கு வருவதற்குள் முதல் சில மீட்டர்கள் போய்விடும்.

ஸ்டால் எண்ணை உயர்த்தினால், கார் நிற்கும்போதே என்ஜின் பலமான சுற்றுக்கு அருகில் வந்துவிடும். விளக்கு மாறியதும் பாய்ச்சல் கிடைக்கும். டர்போ என்ஜினுக்கு இது இன்னும் முக்கியம். கிளம்பும் முன்பே டர்போ காற்றழுத்தத்தை எட்டிவிட உதவும். பந்தயக்காரர்கள் முதல் 60 அடி, அதாவது 18.3 மீட்டரைக் கடக்கும் நேரத்தைத் தனியாகக் குறித்துவைப்பது இதற்காகத்தான். அங்கே ஒரு பத்தில் ஒரு பங்கு நொடியைச் சேமித்தால், 402 மீட்டர் முடிவில் அதைவிடச் சற்றுக் கூடுதலாகவே மிச்சமாகும் என்பது அனுபவக் கணக்கு.

பெரிய எண் நல்ல எண் அல்ல

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். 3,000 நல்லது என்றால் 4,500 இன்னும் நல்லது என்று நினைக்கிறார்கள். முதலில், ஸ்டால் என்பது கன்வெர்ட்டரின் மேல் அச்சடித்த நிரந்தர எண் அல்ல. ஒரே கன்வெர்ட்டர் பலமான என்ஜினில் கூடுதல் ஸ்டால் காட்டும்; பலவீனமான என்ஜினில் குறைவாகக் காட்டும். முறுக்குவிசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்ப அது மாறும். 120 நியூட்டன் மீட்டர் என்ஜினில் 2,000 காட்டும் கன்வெர்ட்டர், டர்போ ஏற்றி 240 ஆக்கிய என்ஜினில் ஏறக்குறைய 2,830 காட்டும். ஆகவே, நண்பனின் டர்போ காரில் அற்புதமாக வேலை செய்த கன்வெர்ட்டர், டர்போ இல்லாத காரில் அதே பலனைத் தராது.

இரண்டாவது, அளவு. கன்வெர்ட்டரின் விட்டம் குறையக் குறைய ஸ்டால் ஏறும். விட்டத்தை 10 விழுக்காடு குறைத்தாலே ஸ்டால் சுமார் 30 விழுக்காடு உயரும். பெரிய அமெரிக்கக் கார்களில் 11, 12 அங்குலம் இருக்கும் இடத்தில் டிராக் கார்கள் 8, 9 அங்குலத்தைப் பயன்படுத்துவது இதனால்தான். நம் கார்களுக்கு ஆயத்தமாகக் கிடைக்காதபோது, இருக்கும் கன்வெர்ட்டரையே அறுத்துத் திறந்து, சிறகுகளின் சாய்வையோ ஸ்டேட்டரையோ மாற்றி, மீண்டும் பற்றவைத்துச் சமநிலை பார்ப்பார்கள். கைத்திறன் இல்லாதவரிடம் கொடுத்தால் அதிர்வும் எண்ணெய்க் கசிவும்தான் மிஞ்சும்.

மூன்றாவது, வழுக்கல். ஸ்டாலை அளவுக்கு மீறி உயர்த்திய கன்வெர்ட்டர், வேகம் கூடிய பிறகும் முழுதாகப் பிடிக்காது. கோட்டைக் கடக்கும்போது என்ஜின் 6,000 சுற்றில் இருந்து, கியர் பாக்ஸுக்குள் போவது 5,400 மட்டுமே என்றால், 10 விழுக்காடு சுழற்சி எண்ணெயிலேயே கரைந்துவிட்டது. கிளம்பும்போது சம்பாதித்ததைக் கடைசி 200 மீட்டரில் கொடுத்துவிட வேண்டியதுதான்.

15 கேத்தலின் சூடு

வழுக்கல் என்றால் வெப்பம். 100 நியூட்டன் மீட்டர் விசையோடு 3,000 சுற்றில் காரை அசையாமல் பிடித்து வைத்திருந்தால், ஏறக்குறைய 31 கிலோவாட் சக்தி முழுதும் கியர் எண்ணெயைச் சூடாக்கவே போகிறது. வீட்டில் தண்ணீர் காய்ச்சும் 2 கிலோவாட் கேத்தல் 15ஐ ஒரே நேரத்தில் அந்தச் சிறிய டப்பாவுக்குள் போட்டது போல. இதனால்தான் ஸ்டால் சோதனையை 5 நொடிக்கு மேல் நீட்டக்கூடாது என்று பழுதுபார்ப்புக் கையேடுகள் எச்சரிக்கின்றன.

ஆட்டோ கியர் எண்ணெய் வழக்கமாக 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரை நிம்மதியாக வேலை செய்யும். அதற்கு மேல் ஒவ்வொரு 10, 11 பாகை கூடும்போதும் எண்ணெயின் ஆயுள் பாதியாகும் என்பது பட்டறைகளில் பின்பற்றப்படும் பொதுக் கணக்கு. எண்ணெய் கருகினால் சீல் கெட்டியாகும், கிளட்ச் தட்டுகள் வழுக்கும், பிறகு கியர் பாக்ஸே போகும். நம் ஊர் வெயிலில் இந்த ஆபத்து கூடுதல். ஆகவே, ஸ்டாலை உயர்த்துபவர் தனி ஆயில் கூலரையும் வெப்பமானியையும் சேர்த்தே கணக்குப் போட வேண்டும். கூலருக்குப் பணம் இல்லை என்றால் கன்வெர்ட்டருக்கும் பணம் இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

கன்வெர்ட்டர் வாங்காமலேயே அந்தப் பாய்ச்சலைப் பெற, நியூட்ரலில் என்ஜினை முறுக்கிவிட்டுச் சட்டென்று டி கியருக்குத் தட்டுபவர்களும் உண்டு. இது கியர் பாக்ஸைச் சுத்தியலால் அடிப்பதற்குச் சமம். ஒரு முறை தப்பிக்கலாம், பழக்கமானால் தப்பாது.

எதை முதலில் செய்வது?

டார்க் கன்வெர்ட்டர் கடைசியாக வாங்க வேண்டிய பொருள். அதற்கு முன் செய்ய வேண்டியவை சில உண்டு.

முதலில், காரில் அது இருக்கிறதா என்று பாருங்கள். எல்லா ஆட்டோ கியரும் ஒன்றல்ல. புரோட்டோன் எக்ஸ்50 காரில் இருப்பது இரட்டை கிளட்ச் கியர் பாக்ஸ். அதில் டார்க் கன்வெர்ட்டர் கிடையாது. 2019இல் புதுப்பிக்கப்பட்ட சாகாவில் ஹூண்டாயின் 4 வேக ஆட்டோ கியர் வந்தது, அதில் உண்டு. சிவிடி கியர் பாக்ஸில் பெல்ட்டின் தாங்குதிறன் தனிக் கவலை.

இரண்டாவது, இப்போதைய கியர் பாக்ஸின் உடல்நிலை. எண்ணெய் கறுத்து, கருகிய வாடை அடித்தால் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள். தேர்ந்த மெக்கானிக் செய்யும் ஸ்டால் சோதனையே பாதி உண்மையைச் சொல்லிவிடும். எண் இருக்க வேண்டியதைவிடக் குறைந்தால் என்ஜின் பலவீனமாக இருக்கலாம், அல்லது ஸ்டேட்டரின் ஒருவழி கிளட்ச் பழுதாகியிருக்கலாம். எண் கூடினால் கியர் பாக்ஸ் கிளட்ச் தட்டுகள் வழுக்குகின்றன என்று பொருள். கூடிய எண்ணைப் பார்த்துக் கார் நன்றாக இருப்பதாக மகிழ்ந்துவிடக் கூடாது.

மூன்றாவது, டயர். நம் சிறிய கார்கள் பெரும்பாலும் முன்சக்கரத்தால் இழுப்பவை. வேகமாகக் கிளம்பும்போது காரின் எடை பின்பக்கம் சாயும். முன் டயர்களின் பிடி குறையும். இப்போதே டயர் சுழன்று கீச்சிடும் காரில் ஸ்டாலை உயர்த்தினால் புகைதான் கூடும், வேகம் கூடாது. நல்ல டயரும் சரியான காற்றழுத்தமும் குறைந்த செலவில் கூடுதல் பலன் தரும்.

நான்காவது, அளவீடு. டைனோ கருவியில் காரை ஏற்றி, எந்தச் சுற்றில் முறுக்குவிசை உச்சம் தொடுகிறது என்ற வரைபடத்தைக் கையில் வாங்குங்கள். கன்வெர்ட்டர் செய்பவர் அந்த வரைபடம், காரின் எடை, கியர் விகிதம், டயரின் உயரம், கோட்டைக் கடக்கும்போதுள்ள சுற்று ஆகியவற்றைக் கேட்க வேண்டும். எதையும் கேட்காமல் ஒரு கன்வெர்ட்டரை எடுத்து நீட்டினால், அது உங்கள் காருக்காகச் செய்தது அல்ல.

பொருத்தும்போது வரும் விபத்து

சரியான பொருளை வாங்கியும் பொருத்தும் நாளில் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. கன்வெர்ட்டரின் கழுத்துப் பகுதி கியர் பாக்ஸின் எண்ணெய்ப் பம்புக்குள் முழுதாக இறங்க வேண்டும். மெல்லச் சுழற்றிக்கொண்டே தள்ளினால் படிப்படியாக உள்ளே போய் உட்காருவது கைக்குத் தெரியும். உட்காரும் முன்பே போல்ட்டை முறுக்கி கியர் பாக்ஸை என்ஜினோடு இறுக்கினால் பம்பு உடையும். ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்திலேயே எல்லாம் முடிந்துவிடும்.

பழைய கியர் பாக்ஸ் ஏற்கெனவே தேய்ந்து இரும்புத் துகள் விட்டிருந்தால், கூலரையும் குழாய்களையும் கழுவாமல் புதிய கன்வெர்ட்டரைப் பொருத்துவது வீண். முன் சீலைப் புதிதாகப் போட வேண்டும். கன்வெர்ட்டருக்குள் முன்கூட்டியே கொஞ்சம் எண்ணெய் ஊற்றி வைக்க வேண்டும். தயாரிப்பாளர் குறிப்பிட்ட வகை எண்ணெயைத்தான் ஊற்ற வேண்டும்.

திங்கட்கிழமை வேலைக்கும் அதே கார்தான்

வெளிநாட்டுக் காணொளிகளில் வரும் டிராக் கார்கள் டிரெய்லரில் ஏற்றி வரப்படுபவை. நம் இளைஞர்கள் பலருக்கு இருப்பது ஒரே கார். ஞாயிறு பந்தயம் ஓடினாலும், திங்கள் காலை பாசிர் கூடாங் தொழிற்பேட்டை ஷிப்டுக்கு அதே கார்தான் போக வேண்டும். அம்மாவை கிளினிக்குக் கூட்டிப்போவதும், தங்கையைப் பள்ளியில் விடுவதும் அதில்தான். மாதத் தவணை இன்னும் முடிந்திருக்காது.

ஸ்டாலை மிக உயர்த்திய கார், நெரிசலில் மிதித்தவுடன் நகராமல் உறுமும், பெட்ரோலைக் குடிக்கும், எண்ணெயைச் சூடாக்கும். ஆகவே, ஒரே கார் உள்ளவர்கள் முறுக்குவிசை உச்சத்துக்குச் சில நூறு சுற்றுகள் குறைவான, மிதமான ஸ்டாலோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. நெடுஞ்சாலை வேகத்தில் வழுக்கலை முழுதாக நிறுத்தும் லாக்கப் கிளட்ச் உள்ள கன்வெர்ட்டரையே தேர்ந்தெடுக்க வேண்டும். டயர், பராமரிப்பு, கூலர் ஆகியவற்றோடு நிறுத்திக்கொண்டு கன்வெர்ட்டரைத் தொடாமல் விடுவதும் நல்ல முடிவுதான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாலை பந்தயத் தடம் அல்ல

இந்த மாற்றம் எதுவும் நெடுஞ்சாலையில் சோதித்துப் பார்ப்பதற்கு அல்ல. பொதுச் சாலையில் பந்தயம் ஓடுவது 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி குற்றம். பந்தயத்திலும் வேகச் சோதனையிலும் ஏற்படும் சேதத்தை வழக்கமான வாகனக் காப்புறுதி ஏற்காது. காரில் செய்த மாற்றத்தைக் காப்புறுதி நிறுவனத்திடம் தெரிவிக்காமல் இருந்தால், சாதாரண விபத்திலும் இழப்பீட்டுக்குச் சிக்கல் வரலாம். வேலையைத் தொடங்கும் முன் ஜேபிஜே விதிகளையும் காப்புறுதி முகவரையும் கேட்டுக்கொள்வது பாதுகாப்பு. ஓட வேண்டும் என்றால் அனுமதி பெற்ற போட்டி நாளில், தலைக்கவசம் அணிந்து, ஆம்புலன்ஸ் நிற்கும் தடத்தில் ஓட வேண்டும்.

இதே ஆர்வத்தைப் பிழைப்பாக்கிக்கொள்ளவும் வழி உண்டு. ஆட்டோ கியர் கார்கள் பெருகிய நாட்டில் அவற்றைத் திறந்து சரிசெய்யத் தெரிந்தவருக்கு வேலை இருக்கும். எஸ்பிஎம் முடித்த பிள்ளைகள் வாகனத் துறையில் மலேசியத் திறன் சான்றிதழான எஸ்கேஎம் படிக்கலாம். அதன் மூன்று நிலைகளை முடித்து, டிப்ளோமா வரை தொடரலாம். பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்து கண்பார்த்துக் கற்ற அண்ணன்மார்களின் அனுபவத்தோடு இந்தப் படிப்பும் சேர்ந்தால், சொந்தப் பட்டறை எட்டாத கனவல்ல.

கன்வெர்ட்டருக்குப் பணம் கட்டும் முன் பட்டறைக்காரரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். என் என்ஜினில் இது எத்தனை சுற்றில் ஸ்டால் ஆகும்? எண்ணெய்ச் சூட்டை எப்படிக் குறைக்கப் போகிறீர்கள்? கியர் பாக்ஸ் இதைத் தாங்கும் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? மூன்றுக்கும் எண்களோடு பதில் வந்தால் பணத்தைக் கொடுக்கலாம். 'ஓடும் தம்பி, பயப்படாதே' என்று மட்டும் பதில் வந்தால், பணத்தைப் பையில் வைத்துக்கொண்டு வேறு பட்டறையைப் பாருங்கள்.